வாலையில் ஏறாத உப்பு: விஸ்கியின் சுவையில் தண்ணீருக்கு என்ன பங்கு?

தேனாற்றான்

சென்ற மாதம் ஸ்காட்லாந்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்பே ஆற்றுப் பக்கம் உள்ள ஒரு வடிசாலைக்கு அத்தான் அழைத்துச் சென்றார். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண்மணி முதலில் கையில் கொடுத்தது விஸ்கி அல்ல, ஒரு குவளைத் தண்ணீர். மலையடிவார ஊற்றிலிருந்து வருவதாம். "எங்கள் விஸ்கியின் ரகசியம் இதில்தான் இருக்கிறது" என்றார். தண்ணீர் அருமையாக இருந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பள்ளியில் நமக்கு வாலை வடித்தல் சொல்லிக்கொடுத்தார்கள். உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்தால் ஆவி மேலே போகும், உப்பு அடியில் தங்கும். வாலை வடிநீர் சுத்தமானது என்பதும் அதனால்தான். அப்படியானால் ஊற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் செம்பு வாலையின் அடியிலேயே தங்கிவிட வேண்டும். அவை எப்படி விஸ்கிக்குச் சுவை கொடுக்கும்? அந்தப் பெண்மணி சொன்னது வியாபாரப் பேச்சா, அல்லது எனக்குத் தெரியாத வேதியியல் ஏதாவது இருக்கிறதா? தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிசல்மண்

நண்பரே, பள்ளிப் பாடத்தை வைத்து இதை அளக்காதீர்கள். திருநெல்வேலி அல்வாவைச் சென்னையில் அதே கோதுமை, அதே நெய், அதே கைப்பக்குவத்தோடு கிண்டினாலும் அந்தச் சுவை வருவதில்லை என்றும், தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்றும் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். கோவைக்காரர்களிடம் சிறுவாணித் தண்ணீரில் போட்ட காபியைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். நீர் மாறினால் சுவை மாறும். விஸ்கிக்கு மட்டும் விதி வேறாகுமா?

ஒரு சான்றும் தருகிறேன். ஐலே தீவில் லாகவூலின் வடிசாலையை நடத்திய பீட்டர் மெக்கி, பக்கத்து வடிசாலையான லாஃப்ரோய்க்கின் விற்பனை உரிமையை இழந்ததும், 1908-ல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறு வடிசாலையைக் கட்டினார். லாஃப்ரோய்க்கை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வாலைகளை அதே வடிவில் செய்தார், அங்கே வேலை பார்த்தவரையே அழைத்துவந்தார். அப்படியும் அந்த விஸ்கி வரவில்லை. தண்ணீர் வேறு என்பதைத் தவிர வேறென்ன காரணம் சொல்வீர்கள்?

செம்புக்கழுத்து

தேனாற்றான், உங்கள் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. நான் எடின்பரோவில் வடித்தல் தொழில்நுட்பம் படித்தவள். இப்போது ஒரு வடிசாலையில் மாஷ் பகுதியில், அதாவது அரைத்த மால்ட்டை (முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை) வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். தினமும் கையாளும் விஷயம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கரிசல்மண் ஐயா சொன்ன அல்வாவிலும் காபியிலும் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. நாம் அதைச் சாப்பிடுகிறோம், குடிக்கிறோம். விஸ்கியில் மாஷுக்கு ஊற்றிய தண்ணீரின் பெரும்பகுதி வாலையின் அடியில் கழிவாக நின்றுவிடுகிறது. ஆவியாகி மேலேறும் பங்கிலும் உப்பு இல்லை. கால்சியம் வாலையின் கழுத்தில் ஏறாது. இதில் உங்கள் பள்ளிப் பாடம் முழுக்கச் சரி.

மால்ட் மில் கதை எனக்கும் பிடித்த கதை. ஆனால் அது தண்ணீருக்குச் சான்றாகாது. நீர் மட்டும் மாறி மற்ற அனைத்தும் ஒன்றாக இருந்தால்தான் குற்றத்தை நீர் மேல் போட முடியும். தலைகீழான சோதனைகள் நமக்குக் கிடைக்கின்றன. ரோதஸ் ஊரில் கிளென் கிராண்ட் வடிசாலைக்காரர்கள் 1898-ல் சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொன்றைக் கட்டினார்கள். பிற்காலத்தில் கேப்பர்டோனிக் என்று பெயர் பெற்றது அதுதான். அதே தண்ணீர், அதே மால்ட். சாராயத்தை இந்தப் பக்கம் கொண்டுவரச் சாலைக்கு மேலே குழாய் கூடப் போட்டிருந்தார்கள். அப்படியும் இரண்டு விஸ்கியும் ஒன்றாக இல்லை.

இதைவிடத் தெளிவானது கேம்பல்டவுனில் உள்ள ஸ்பிரிங்பேங்க். கிராஸ்ஹில் ஏரியின் தண்ணீரை வைத்து ஒரே கூரையின் கீழ் மூன்று விஸ்கி செய்கிறார்கள். ஹேசல்பர்ன் புகையே படாத மால்ட்டில் மூன்று முறை வடிப்பது. லாங்ரோ கனமாகப் புகையூட்டிய மால்ட்டில் இரண்டு முறை வடிப்பது. ஸ்பிரிங்பேங்க் இரண்டுக்கும் நடுவே, இரண்டரை முறை என்று சொல்வார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் ஒரே ஏரியின் பிள்ளைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி பீட் பற்றிய நம்பிக்கை. பீட் என்பது சதுப்பில் மக்கிக் கிடக்கும் கரிமண். அந்த நிலத்தில் ஓடிவரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். புகைவாசம் அந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முளைத்த பார்லியை உலர்த்தும்போது அடியில் பீட்டை எரிக்கிறார்கள். அந்தப் புகையில் உள்ள ஃபீனால்கள்தான் மால்ட்டில் படிகின்றன. ஐலேயிலேயே இருக்கும் புரூக்லாடியைப் பாருங்கள். அவர்களுடைய கிளாசிக் லாடியில் புகை கிடையாது. அதே வடிசாலையின் ஆக்டோமோர் உலகிலேயே மிகக் கனமாகப் புகையூட்டிய மால்ட்டில் செய்யப்படுவது.

ஆகவே வழிகாட்டி காட்டிய குவளைக்குள் நீங்கள் தேடிய ரகசியம் இல்லை. ஆனால் தண்ணீருக்குப் பங்கே இல்லை என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். அது வேலை செய்யும் இடங்கள் வேறு. மாஷில் அதன் காரத்தன்மை, குளிரூட்டும்போது அதன் வெப்பநிலை, கடைசியில் நீர் கலந்து சாராயத்தின் வீரியம் குறைக்கும்போது அதன் சுத்தம். புட்டியின் முகப்பில் இவற்றை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் ஊற்றின் படத்தைப் போடுகிறார்கள்.

தேனாற்றான்

மிக்க நன்றி, சகோதரி. தண்ணீரில் இருக்கும் எதுவுமே வாலைக் கழுத்தைத் தாண்டாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஊருணி

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் குடிநீர் சுத்திகரிப்பில் இருபது ஆண்டுகளாக இருக்கும் பொறியாளன். உப்புதான் ஏறாது. ஆவியாகக் கூடியவை ஏறும், சில ஆல்கஹாலோடு சேர்ந்தே ஏறும்.

முதலாவது ஜியோஸ்மின். கோடையில் முதல் மழை விழுந்ததும் எழுகிறதே மண்வாசனை, அதைத் தருவது இந்தப் பொருள்தான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும், ஏரியில் பச்சை படரும்போது பெருகும் நீலப்பச்சைப் பாசிகளும் இதைச் சுரக்கின்றன. மனித மூக்கு இதற்கு அசாத்தியமான கூர்மை கொண்டது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் இருந்தாலே தெரிந்துவிடும். மழை மண்ணில் இன்பமாக இருக்கும் இந்த மணம் குடிநீரில் வந்தால் மக்கள் குழாயை மூடிவிடுவார்கள். வடிமதுவில் வந்தால் பூஞ்சை பிடித்த கிடங்கின் நெடி அடிக்கும். பாசி பிடித்த ஏரியை நம்பியிருக்கும் வடிசாலை இதற்கு அஞ்சித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது குளோரின். மாநகராட்சிக் குழாய் நீரை எடுப்பவர்கள் அதை முதலில் கிளர்வூட்டிய கரி வழியாக விடவேண்டும். குளோரின் தானாக நாறுவதைவிட மோசமான காரியம் ஒன்று செய்யும். மால்ட்டில் உள்ள ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். பழைய மருத்துவமனை வராந்தாவில் அடிக்குமே கிருமிநாசினி நெடி, அதற்கு நெருங்கிய உறவு. மிகச் சிறிய அளவே போதும். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் சேர்க்கும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெருமளவு பறந்துவிடும், குளோரமைன் அப்படிப் போகாது. கரிப்படுகையில் அதிக நேரம் தங்கினால்தான் பிடிபடும்.

செம்புக்கழுத்து, உங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் எது இருக்கக்கூடாது என்பது.

செம்புக்கழுத்து

சேர்த்துக்கொண்டேன். நான் விட்டது தவறுதான்.

புல்வெளிநாடன்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். பர்பன் விஸ்கியின் ஊர். ஊருணி சொன்ன அந்தக் கடைசி வரிக்கு இந்த ஊரே சாட்சி.

இங்கே நிலத்துக்கு அடியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மாமத் குகை என்ற உலகின் மிக நீளமான குகை அமைப்பு இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. இந்தத் தண்ணீர் கால்சியம் நிறைந்த கடின நீர். குதிரைகளின் எலும்பு உறுதியாக இருப்பதற்கும் விஸ்கி நன்றாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று இங்கே குழந்தையும் சொல்லும். விஸ்கியைப் பொறுத்தவரை உண்மையான பெருமை நீரில் இருக்கும் கால்சியத்தைவிட, அதில் இல்லாத இரும்பைச் சேர்ந்தது.

நம் ஊரில் செம்பட்டைக் கறை விடும் ஆழ்துளைக் கிணற்று நீரில் தேநீர் போட்டால் கறுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எழுதுவதும் இதே வேதியியல்தான். துணிக்கு முதலில் கடுக்காய்ச் சாறு ஏற்றுவார்கள். பிறகு இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசலைத் தொட்டு எழுதினால் கறுப்பு எழும். பர்பனை உட்புறம் கரியாகத் தீய்த்த புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்கவேண்டும் என்பது சட்டம். புதிய ஓக்கில் டானின் ஏராளம். பீப்பாயில் ஊற்றும் முன் வீரியம் குறைக்கச் சேர்க்கும் நீரில் இரும்பு இருந்தால் என்ன ஆகும்? விஸ்கி மை நிறத்துக்குப் போகும், நாக்கில் ஆணியைச் சப்பியதுபோல இருக்கும்.

சுண்ணாம்பு நீரில் இரும்பு ஏன் குறைவு? இரும்பு கரைந்து நிற்க அமிலமும் காற்றில்லாத நிலையும் வேண்டும். குகைகளிலும் வெடிப்புகளிலும் காற்றோடு கலந்து ஓடும் காரநீரில் அது துருவாக மாறிப் படிந்துவிடுகிறது.

ஆனால் இதே காரத்தன்மை மாஷில் தொல்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டும், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, புளிப்பு கூடினால் எண் இறங்கும்) 5.2 முதல் 5.6 வரை இருந்தால் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சுண்ணாம்பு நீர் அதை மேலே தூக்கிவிடும். அதற்கு இங்கே கண்ட வைத்தியம்தான் புளிப்பு மாஷ். முந்தைய வடிப்பில் வாலையின் அடியில் மிஞ்சிய புளித்த நீரில் ஒரு பங்கை அடுத்த மாஷில் சேர்ப்பது. ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர் ஜேம்ஸ் குரோ, ஆஸ்கர் பெப்பரின் வடிசாலையில் வேலை செய்தபோது இதை அளவோடும் ஒழுங்கோடும் செய்யும் முறையாக்கினார். 1856-ல் அவர் இறந்தார். அந்த இடத்தில்தான் இன்றைய உட்ஃபோர்ட் ரிசர்வ் இருக்கிறது. குரோவுக்கு முன்பும் இந்த வழக்கம் இருந்தது. வெப்பமானியும் நீர்மமானியும் கொண்டு அளந்து செய்தது அவர் தந்த பங்கு.

சிலர் இதைப் பழைய தோசைமாவைப் புதுமாவில் கலப்பதோடு ஒப்பிடுகிறார்கள். அது வேறு. வாலையில் கொதித்த நீரில் உயிருள்ள ஈஸ்ட் எதுவும் மிஞ்சாது. அங்கிருந்து வருவது புளிப்பும் கொஞ்சம் ஊட்டமும் மட்டுமே.

கரிசல்மண்

புல்வெளிநாடன், நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. சுண்ணாம்பு நீர் இல்லாவிட்டால் புளிப்பு மாஷ் இவ்வளவு வேரூன்றி இருக்குமா? தண்ணீர் ஒரு வழக்கத்தையே உண்டாக்கி, அந்த வழக்கம் சுவையை உண்டாக்கியிருக்கிறது. உப்பு வாலையில் ஏறவில்லை என்பது சரி. ஆனால் ஊரின் நீர் அந்த ஊர் மனிதர்களின் கைகளில் ஏறியிருக்கிறது.

சீனத்தில் மாவ்தாய் ஊரைப் பாருங்கள். அங்கே ஓடும் சிஷுயி ஆற்றின் பெயருக்கே சிவந்த நீர் என்றுதான் பொருள். கோடை மழையில் செம்மண் கரைந்து ஆறு சிவந்து ஓடும்போது அவர்கள் கோதுமையில் நொதிக்கட்டி செய்கிறார்கள். இலையுதிர் காலத்தில், ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாள் திருவிழாவை ஒட்டி, ஆறு தெளிந்த பிறகுதான் சோளத்தில் கைவைக்கிறார்கள். ஆறுதான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். இதை வெறும் பிஎச் கணக்கில் அடக்கிவிட முடியுமா?

செம்புக்கழுத்து

இதை ஏற்கிறேன் ஐயா. நான் மறுத்தது ஊற்றின் தாது சாராயத்துக்குள் வந்து சுவையாக உட்கார்ந்திருக்கிறது என்ற கூற்றை மட்டும்தான். கடின நீரா, மென்னீரா என்பதை வைத்து நல்ல விஸ்கி எது என்று சொல்வதும் முடியாது. கருங்கல் மேல் பீட் வழியாக ஓடிவந்த மென்னீர்தான் சிறந்தது என்று ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் கிளென்மோரஞ்சி டார்லோகி ஊற்றின் கடின நீரில்தான் செய்கிறது. அந்த ஊற்றைக் காப்பதற்காக 1980-களில் சுற்றியுள்ள நிலத்தையே வாங்கினார்கள். ஆர்க்னி தீவின் ஹைலண்ட் பார்க்கும் கடின நீர்தான். இரண்டையும் மட்டமான விஸ்கி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மாஷைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பீர் செய்பவர்கள் சர்க்கரை நீரைக் கொதிக்கவைத்து நொதிகளை அழித்துவிடுவார்கள். நாங்கள் கொதிக்கவைப்பதில்லை. நொதிகள் ஊறல் தொட்டிக்குள்ளும் வேலையைத் தொடர்கின்றன. அதனால் பிஎச் தவறினால் அதன் விளைவு நாள்கணக்கில் நீடிக்கும். கால்சியம் நொதிகளை வெப்பத்திலிருந்து காக்கிறது, துத்தநாகம் ஈஸ்ட்டுக்கு ஊட்டம். இவை மாறினால் நொதித்தலின் வேகம் மாறும், அப்போது உண்டாகும் மணப்பொருள்களும் மாறும். மணப்பொருள்கள் ஆவியாகக் கூடியவை. அவை வாலையில் ஏறும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அதில் தண்ணீர் சாராயத்தைத் தொடவே தொடாது. ஆவியை மறுபடி திரவமாக்கும் குளிர்நீர்தான் அது. பழைய முறையில் ஒரு நீண்ட செம்புக்குழாயைச் சுருளாகச் சுற்றிப் பெரிய தொட்டி நீரில் மூழ்கவைப்பார்கள். ஆவி உள்ளே நுழைந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடும். செம்போடு உரச அதற்கு நேரம் கிடைக்காது. செம்புதான் கந்தகப் பொருள்களைப் பிடித்து நீக்குவது. உரசல் குறைந்தால் சாராயம் கனமாக, இறைச்சிச்சாறு போன்ற அழுத்தத்தோடு வரும். புது முறையில் ஒரு பெரிய உருளைக்குள் பல சிறு செம்புக்குழாய்கள் உண்டு. உரசல் அதிகம், சாராயம் லேசாக வரும்.

டால்வின்னி என்ற வடிசாலை ஸ்காட்லாந்தின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. 1986-ல் பழைய சுருள்குழாய்த் தொட்டிகளை எடுத்துவிட்டுப் புதுக் குளிர்விப்பான்களைப் போட்டார்கள். சாராயத்தின் குணமே மாறிவிட்டது. 1995-ல் பழைய தொட்டிகளை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். ஊற்றும் மால்ட்டும் வாலையும் மாறவில்லை. ஆவி குளிரும் விதம் மாறியது, சுவை மாறியது. சுருள்குழாய் வைத்திருக்கும் இடங்களில் பனிக்காலச் சாராயமும் கோடைச் சாராயமும் வேறுபடும் என்பதை வாலைக்காரர்கள் முகர்ந்தே சொல்வார்கள்.

குளிரூட்டத்துக்குத்தான் மிக அதிகமான தண்ணீர் வேண்டும் என்பதும் வெளியே தெரியாத உண்மை. 2018 கோடையில் ஓடைகள் வற்றியபோது ஸ்காட்லாந்தில் சில வடிசாலைகள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. மழை நாட்டில் தண்ணீர் இல்லாமல் வேலை நின்றது.

களப்புக்கரை

இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் தென்னஞ் சாராயத்தில் மாஷ் என்பதே கிடையாது. கள் இறக்குபவர் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்துபோய்ப் பாளையிலிருந்து கள்ளைச் சேர்க்கிறார். அது முட்டிக்குள் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதுவே ஊறல், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. தென்னை வேர் உறிஞ்சியதுதான் அதில் இருக்கும் நீர். கோவாவின் முந்திரி ஃபெனியும் அப்படியே, பழச்சாறுதான் ஊறல்.

ஆகவே இங்கே நீங்கள் பேசிய பிஎச் சிக்கல் எதுவும் இல்லை. தண்ணீர் வருவது குளிரூட்டும்போதும், ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிர்ந்த பிறகு வீரியம் குறைக்கும்போதும்தான். என் மாமா அந்த வேலையில் இருந்தார். கடைசியில் சேர்க்கிற தண்ணீரைப் பற்றி அவருக்கு இருந்த பயம் வேறு எதிலும் இருந்ததில்லை.

பிசின்தொட்டி

களப்புக்கரை அண்ணனின் மாமாவுக்கு இருந்த பயம் எனக்கும் தெரியும். இங்கே எல்லோரும் ஊற்றையும் மாஷையும் பேசுகிறார்கள். இந்தியாவில் விற்கும் சாதாரண விஸ்கிக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலோ தானியத்திலோ வடித்த, 96 சதவீத வீரியமுள்ள மணமற்ற சாராயத்தை வாங்கி, தண்ணீர் கலந்து 42.8 சதவீதத்துக்கு இறக்குகிறோம். ஒரு லிட்டர் அங்கே இரண்டேகால் லிட்டராகிறது. அதாவது புட்டியில் பாதிக்கு மேல் நாங்கள் ஊற்றிய தண்ணீர். அது வாலையைப் பார்க்காத தண்ணீர். அதில் இருப்பதெல்லாம் நேராகக் குடிப்பவரின் நாக்குக்குப் போகிறது. வோட்காவுக்கும் இதே கணக்குதான். ஸ்காட்ச்சில்கூட, 58 சதவீதத்தில் பீப்பாயிலிருந்து வந்ததை 40-க்கு இறக்கினால் புட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இந்தத் தண்ணீர்தான்.

நான் புட்டி நிரப்பும் ஆலை ஒன்றில் தண்ணீர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஒரு வறட்சி ஆண்டில் எங்கள் கிணறு இறங்கிவிட்டது, லாரி நீர் வாங்கினோம். கரிவடிப்பான், பிறகு கரைந்த உப்புகளைப் பிடிக்கும் நேர்மின் பிசின், எதிர்மின் பிசின் என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கலந்த சாராயம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சோதனைச்சாலையில் பார்த்து, ஒப்பமிட்டு அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து ஒரு கிடங்கிலிருந்து செய்தி வந்தது. புட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, குலுக்கினால் பஞ்சுத்துகள்போல எழுகிறது என்றார்கள்.

மூன்று நாள் தூங்காமல் தேடினோம். பிசின்களைச் சுற்றிப் போகும் மாற்றுக்குழாயின் வால்வு முழுக்க மூடப்படாமல் இருந்தது. சுத்திகரிக்காத லாரி நீர் சிறிதளவு கலந்துகொண்டே இருந்திருக்கிறது. கால்சியம் உப்புகள் தண்ணீரில் கரைவதுபோல ஆல்கஹால் கலந்த நீரில் கரையாது. உடனே படிந்திருந்தால் பிடித்திருப்போம். அது வாரக்கணக்கில் மெதுவாகப் படியும். அந்த வால்வைக் கடைசியாகத் திருப்பியவன் நான். அந்தப் புட்டிகள் அனைத்தும் திரும்பி வந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு பணிமாற்றத்திலும் உப்பின் அளவைக் காட்டும் நீரின் கடத்துதிறனை என் கையால் அளந்து எழுதாமல் வீட்டுக்குப் போனதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். மென்னீராக்கும் கருவியை வைத்துவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவு வராது, ஆனால் உப்பின் மொத்த அளவு குறையாது. நாக்குக்குத் தெரியும். கொதிகலனுக்கு அந்த நீர் போதும், புட்டிக்குப் போதாது.

ஊருணி

பிசின்தொட்டி, இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு வணங்குகிறேன். என் பயிற்சி மாணவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுப்பேன்.

தேனாற்றான்

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அத்தான் கொடுத்தனுப்பிய 46 சதவீத மால்ட் விஸ்கி, குளிர்வடிகட்டல் செய்யாதது. மூன்று கண்ணாடிக் குவளைகளில் சம அளவு ஊற்றி, ஒன்றில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர், ஒன்றில் வீட்டு ஆர்.ஓ. நீர், ஒன்றில் கேன் தண்ணீர், எல்லாவற்றிலும் விஸ்கியில் பாதியளவு சேர்த்தேன். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் கருவியில் கிணற்று நீர் 1,100 காட்டியது, ஆர்.ஓ. 40.

உடனே குடித்துப் பார்த்ததில் கிணற்று நீர்க் குவளை தட்டையாகவும் சற்று உவர்ப்பாகவும் இருந்தது. மற்ற இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. மீதியை மூடி இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் மூன்றும் கலங்கியிருந்தன! ஆர்.ஓ. நீரும் ஏன் கலங்கியது? வெளியே வைத்ததும் இரண்டு தெளிந்துவிட்டன. கிணற்று நீர்க் குவளை மட்டும் முழுக்கத் தெளியவில்லை. நிறமும் மற்றவற்றைவிட மங்கிக் கறுத்திருக்கிறது.

செம்புக்கழுத்து

நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். இரண்டு வேறு நிகழ்வுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன.

மூன்றிலும் வந்த கலக்கம் தண்ணீரின் குற்றமல்ல. நொதித்தலில் உண்டாகும் நீண்ட சங்கிலி எஸ்டர்கள் என்ற பொருள்கள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, குளிரவும் செய்தால் அவை நுண்துளிகளாகப் பிரிந்து கலங்கலாகத் தெரியும். வெப்பம் ஏறினால் மறுபடி கரையும். இதைத் தவிர்க்கத்தான் பலர் குளிரவைத்து வடிகட்டுகிறார்கள். குளிர்வடிகட்டல் இல்லை என்று எழுதும் புட்டிகள் பெரும்பாலும் 46 அல்லது அதற்கு மேல் இருப்பதும் இதனால்தான்.

தண்ணீர் சேர்த்ததும் மணம் விரிவதற்கும் விளக்கம் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் கணினியில் உருவகம் செய்து பார்த்தார்கள். புகைமணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு, வீரியம் 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் நிற்கிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீங்கள் சேர்த்த நீர் எதுவானாலும் இது நடக்கும்.

கிணற்று நீர்க் குவளையில் தெளியாமல் நிற்பது பிசின்தொட்டி சொன்ன உப்பாக இருக்கக்கூடும். கறுப்புக்கு என் ஐயம் இரும்பு மேல்தான். உங்கள் குளியலறை வாளியில் செம்பட்டைக் கறை இருக்கிறதா?

புல்வெளிநாடன்

ஆய்வகத்துக்குப் போகவேண்டாம். கடுக்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, இரண்டு தட்டில் ஊற்றுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. நீர், மற்றதில் கிணற்று நீர் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிணற்று நீரை முதலில் ஒரு மணி நேரம் காற்றுப்பட விடுங்கள்.

தேனாற்றான்

வாளியில் கறை இருக்கிறது, பல ஆண்டுகளாகவே இருக்கிறது.

அம்மாவிடம் கடுக்காய்த் தூள் வாங்கிச் செய்தேன். ஆர்.ஓ. நீர்த் தட்டு வெளிறிய மஞ்சளாகவே நின்றது. கிணற்று நீர்த் தட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகி, கால் மணி நேரத்தில் நீலக்கறுப்பாகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணீரிலா இத்தனை நாள் உனக்குத் தேநீர் போட்டேன்?" என்று கேட்டார்.

நாளைக் காலை அந்தக் கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்துச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். ஊருணி ஐயா, இரும்போடு வேறு எவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள்.

ஊருணி

மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளூரைடு. விஸ்கிக்காக அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்காகக் கடைசி இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். இரும்புக்குத் தனிப் புட்டி, அதில் அவர்கள் தரும் அமிலத்தைச் சில துளி விட்டுப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் துருவாகப் படிந்து அளவு குறைத்துக் காட்டும். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.